பின்புறம் சாய்ந்து நிற்கும் பழைய கார்: காரணம் காணும் முறை

நம் சங்க அங்கத்தினர்களுள் பலர் இப்பொழுது பழைய கார் அல்லது வேன் ஒன்றை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கும் தொழிலுக்குமாகப் பயன்படுத்தி வருகின்றனர். சேலை மூட்டை சங்கத்துக்குச் செல்வதும், காய்கறிக் கூடை சந்தைக்குச் செல்வதும் அதே வண்டியில்தான். புதிய வண்டியின் விலை எட்டாத நிலையில் இது தவறான ஏற்பாடு அன்று. ஆயினும், வாங்கிச் சில நாட்கள் சென்றபின், வண்டியின் பின்னால் நின்று பார்க்கையில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கக் கண்டு, மனம் கலங்கி என்னிடம் விசாரித்தவர்கள் பலர். கணக்குப் பார்க்க வருகிறவனிடம் கார் ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும், சேமிப்பையும் கடனையும் சேர்த்து வாங்கிய பொருளைப் பற்றியதாதலின், அக்கேள்வி கணக்குக்கு முற்றிலும் புறம்பானதன்று.

இத்தகைய சந்தர்ப்பத்தில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. பட்டறைக்குச் சென்று ஷாக் அப்சார்பர்களை மாற்றுகிறார்கள். அல்லது தாழ்ந்த பக்கத்தில் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். முதலாவதால் பணம் வீணாகிறது. இரண்டாவதால் குறை மறைந்துவிடுகிறது, தீர்வதில்லை. தாழ்வு கண்ணில் படும் இடம் ஒன்றாகவும், அதற்குக் காரணம் இருக்கும் இடம் வேறொன்றாகவும் இருக்கக்கூடும். ஆகவே அளந்து பார்க்கும் முன் எந்த உறுப்பையும் மாற்றலாகாது.

வண்டியின் எடையைத் தாங்குவது எது என்பதை முதலில் அறிய வேண்டும். நம் முன்னோர் ஏறிச் சென்ற வில் வண்டியை நினைவு கூர்ந்தால் இது எளிதில் விளங்கும். அடுக்கிய இரும்புப் பட்டைகள் வளைந்து கொடுத்து வண்டிக் கூட்டைத் தாங்கின. 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரிலும், 2019இல் நின்ற மாருதி ஆம்னி வேனிலும், மஹிந்திரா பொலிரோவிலும் பின்புறத்தில் உள்ளவை அத்தகைய பட்டை ஸ்பிரிங்குகளே. இக்காலத்துச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். எவ்வகையாயினும் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கே. ஷாக் அப்சார்பர் அன்று. ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இராதபடி அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. அது எண்ணெய் கசிந்து செத்துப்போனாலும் நின்ற வண்டியின் உயரம் குறையாது. வாயு அடைத்த வகை மட்டும் சிறிதளவு தூக்கும்; அதுவும் ஓர் அங்குலச் சாய்வை விளக்கப் போதாது.

இனி அளக்கும் முறையைக் காண்போம். சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்துக. தரை சமமா என்பதில் ஐயமிருப்பின் ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். அல்லது வண்டியைத் திருப்பி அதே இடத்தில் எதிர்த்திசையில் நிறுத்தி மறுபடி அளக்கலாம். சாய்வு பக்கம் மாறினால் குற்றம் தரையினுடையது. மூட்டைகள் யாவற்றையும் இறக்கிவிட வேண்டும். ஓட்டுநரும் இறங்கிவிட வேண்டும். ஸ்டெப்னி, எரிவாயு உருளை முதலியன எப்பக்கம் உள்ளன என்பதையும் கவனிக்க. பெட்ரோல் டாங்கில் 40 லிட்டர் இருந்தால் அதுவே ஏறக்குறைய 30 கிலோ எடை. நான்கு டயர்களும் ஒரே அளவினவாக, உரிய காற்றுடன் இருத்தல் வேண்டும். பிறகு வண்டியின் நான்கு மூலைகளையும் கையால் அழுத்தி ஆட்டிவிட்டு, பத்தடி முன்னே உருட்டி நிறுத்துக. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்ளும் இயல்புடையன. ஆட்டிவிடாமல் அளந்தால் பொய்யான கணக்கு வரும்.

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலாக மட்கார்டின் விளிம்பு வரை அங்குல நாடாவால் அளந்து, நான்கு சக்கரங்களுக்கும் எழுதி வைத்துக்கொள்க. தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பது போதாது. டயரின் வேறுபாடும் அதில் கலந்துவிடும். பழைய வண்டியில் மட்கார்டே டிங்கரிங் செய்து பட்டி பூசியதாக இருக்கலாமாதலால், ஜாக்கி வைக்கும் அடிவிளிம்பிலிருந்து தரை வரையிலும் ஒருமுறை அளந்து ஒப்பிடுதல் நலம். இரு பக்கத்துக்கும் அரை அங்குலம் வரை வேறுபாடு இருந்தால், பழைய வண்டியில் நான் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தமாட்டேன். முக்கால் அங்குலத்தைத் தாண்டினால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

இங்கேதான் பலர் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. பின்புறச் சாய்வுக்குக் காரணம் முன்புறத்தில் இருக்கலாம். கட்டிலின் ஒரு கால் குட்டையானால் எதிர்மூலைக் கால் தூக்கிக்கொள்வதில்லையா? அதுபோல, முன் வலப்புற ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டியின் கூடு முழுவதும் வலப்பக்கம் சாயும். பின் இடப்புறம் சற்றே எழும். பின்னால் நின்று நோக்குவோர்க்குப் பின் வலப்புறமே தாழ்ந்ததாகத் தோன்றும். நெசவாளர்க்கு இது புதிதன்று. துணியில் ஒரு கரை தொய்ந்தால், முன்னே இருக்கும் துணியைக் குறை கூறாது, பின்னே பாவு சுற்றப்பட்ட விதத்தையன்றோ நாம் பார்க்கிறோம்!

இதை அறிய ஒரு சோதனை போதும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, வண்டியின் முன்பகுதியை நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தில் ஒரே ஜாக்கியால், முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும் அளவுக்கு மட்டும் தூக்குக. அப்பொழுது முன் ஸ்பிரிங்குகள் கூட்டின் சாய்வைத் தீர்மானிக்க இயலாது. பின்புறம் தன் இயல்பான நிலைக்கு வரும். பின் அளவுகள் இரண்டும் சமமாகிவிட்டால் குறை முன்புறத்தது. அம்பாசிடரில் முன்புறத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி தளர்ந்திருப்பது இவ்வகையில் சேரும். சாய்வு அப்படியே நின்றால் குறை பின்புறத்தது. இச்சோதனையைப் பட்டறையில் செய்விப்பதே உத்தமம். ஒற்றை ஜாக்கியின்மேல் நிற்கும் வண்டிக்குள் ஒருவரும் இருத்தலாகாது. அடியில் தலையை நீட்டுதல் அறவே கூடாது.

குறை பின்புறத்தது எனத் தெரிந்தபின், இரண்டாம் சோதனை. ஸ்பிரிங்கின் அமுக்கம் அதன்மேல் ஏற்றிய எடைக்கு விகிதமாக இருக்கும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678இல் விளக்கி வெளியிட்டார். அதுவே இங்கு உதவுகிறது. ஒருவரை முதலில் வண்டியின் பின் இடது ஓரத்திலும், பின்னர் வலது ஓரத்திலும் அமரச் செய்து, ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறித்துக்கொள்க. தாழ்ந்த பக்கம் மற்றதைவிட அதிகமாக இறங்கினால், அந்த ஸ்பிரிங்கின் பலமே குறைந்துவிட்டது, பட்டை முறிந்திருக்கலாம். இரண்டும் சமமாக இறங்கினால், பலம் குன்றவில்லை, உயரம் மட்டுமே குறைந்துள்ளது. பல ஆண்டு பாரம் சுமந்து வளைவு நிமிர்ந்துபோன ஸ்பிரிங் இவ்வாறே நடந்துகொள்ளும். ஸ்பிரிங் அமர்ந்துள்ள இடத்தில் கோளாறு இருந்தாலும் இதுவே விளைவு. தாழ்ந்த பக்கம் குறைவாக இறங்கினாலோ, ஏதோ ஒன்று இறுகிப் பிடித்திருக்கிறது. அல்லது கூடு ஏற்கெனவே ரப்பர் தடுப்பின்மேல் உட்கார்ந்துவிட்டது.

நான் பார்த்த ஓர் ஆம்னி வேன் முதல் வகையினது. நெசவாளர் ஒருவர் வாங்கியது. இடப்புறம் ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்தது. ஒரு பட்டறையில் இரு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றிக் கொடுத்திருந்தனர். சாய்வு இம்மியும் குறையவில்லை. வெளியே பார்த்தால் பட்டைகள் முழுமையாகவே தோன்றின. ஆனால் ஆள் அமர்ந்தபோது இடப்புறம் தெளிவாக அதிகம் இறங்கிற்று. யு போல்ட்டுகளைக் கழற்றிய பிறகுதான், இரண்டாம் பட்டை நடு போல்ட்டின் துளையருகே முறிந்து கிடந்தது தெரிய வந்தது. துளையிட்ட இடம் பட்டையில் மெலிந்த இடம். யு போல்ட் தளர்ந்திருந்தால் முறிவு அங்கேதான் தொடங்கும். விற்பவர் பூசிவிடும் கறுப்புப் பெயிண்டு இத்தகைய முறிவுக்கு நல்ல போர்வை. வாங்கு முன் வண்டியின் அடிப்பக்கம் புதுப்பெயிண்டாகப் பளபளத்தால், அதைச் சந்தோஷத்துக்குரிய அடையாளமாக நான் கொள்ளமாட்டேன்.

பட்டை ஸ்பிரிங்கின் கோடியிலுள்ள ஷேக்கிள் துருவேறி இறுகிவிடுவதும் உண்டு. பட்டை நிமிரும்போது அதன் நீளம் கூடும். அதற்கு இடங்கொடுக்க ஷேக்கிள் அசைய வேண்டும். அசையாத ஷேக்கிள் ஸ்பிரிங்கைத் தான் பிடித்த நிலையிலேயே நிறுத்திவிடும்.

சுருள் ஸ்பிரிங்குள்ள கார்களில் அடிச்சுற்றின் நுனி துருப்பிடித்து ஒடிந்து, கிண்ணத்துக்குள்ளேயே மறைந்து கிடக்கும். மேடு பள்ளத்தில் ‘டக்’ என்ற ஓசை கேட்டால் கையால் தடவிப் பார்க்காமல் விளக்கடித்துப் பார்க்கவும். ஸ்பிரிங்கின் நுனி அதற்குரிய படியில் அமராதிருத்தல், மேலுள்ள ரப்பர் வளையம் ஒரு பக்கம் இல்லாதிருத்தல், பெட்ரோல் வண்டியின் ஸ்பிரிங் ஒன்றும் டீசல் வண்டியின் ஸ்பிரிங் ஒன்றுமாகப் பொருத்தியிருத்தல் இவையெல்லாம் பழைய வண்டிகளில் காணக்கூடியவை. இரு ஸ்பிரிங்குகளையும் கழற்றித் தரையில் அருகருகே நிறுத்தினால் உண்மை வெளிப்படும். இரண்டும் ஒரே அமைப்பினவாயின் இடம் மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். சாய்வு பக்கம் மாறினால் ஸ்பிரிங்கே காரணம். மாறாவிடில் காரணம் வேறு. சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலை, தகுந்த கருவி இல்லாதவர் தொடக்கூடாத வேலை.

புஷ்களைப் பற்றியும் ஒரு சொல். சமீபத்தில் யாரேனும் ரப்பர் புஷ் மாற்றி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முடுக்கியிருந்தால், வண்டியை இறக்கும்போது ரப்பர் முறுக்கேறி அப்பக்கத்தை உயர்த்திப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, வண்டி தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும்போது மறுபடி முடுக்கினால் போதும்.

இவற்றுள் ஒன்றும் இல்லையெனில் கவலைக்குரிய இடத்துக்கு வருகிறோம். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். பெரிதும் வேறுபட்டால் அச்சு நகர்ந்திருக்கிறது, அல்லது விபத்தில் வண்டியின் சட்டம் கோணியிருக்கிறது. ஸ்பிரிங் பொருந்தும் இடத்தில் தகடு துருத்தின்று உள்ளே அமுங்கியிருப்பதும் உண்டு. இந்நிலையில் எந்த ஸ்பிரிங்கும் பயன் தராது. விலை பேசும்போதே இவ்வளவையும் அளந்துவிட்டால், அந்த வண்டியை வேண்டாமென்று விடும் உரிமை நம் கையில் இருக்கும். பணம் கொடுத்தபின் அளப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை.

ஸ்பிரிங் மாற்றுவதாயின் இரு பக்கமும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பட்டை சேர்ப்பது, இரு பக்கத்தின் பலத்தையும் வெவ்வேறாக்கி, பாரத்தோடு செல்கையில் வண்டியை மறுபக்கம் சாய்க்கும். சில வண்டிகளில், பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பின் பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பட்டை சேர்த்துப் பின்புறத்தை உயர்த்தினால், பாரம் இருந்தும் இல்லாததாக அது கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். புதிய பட்டைகள் பொருத்திச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யு போல்ட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லி, முன்பு எழுதி வைத்த தாளை எடுத்து நான்கு அளவுகளையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.