கல்லுக்கேற்ற உளி

சிலை வடிக்கப் புகும் சிற்பி, உளியைக் கையில் எடுக்குமுன் கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கேட்பான். கல்லின் குணம் தெரிந்த பின்னரே எந்த உளி என்பதைத் தீர்மானிப்பான். கணனியில் முப்பரிமாண உருவங்களைச் செதுக்கப் புகும் நம் இளைஞர் பலர் இம்முறையைத் தலைகீழாக்கிவிட்டனர். கடையில் உள்ளவற்றுள் விலை மிகுந்த உளியை முதலில் வாங்குகின்றனர். கல்லைப் பற்றிய நினைவு பின்னரே வருகின்றது. பெற்றோரின் சேமிப்பும் சில வேளைகளில் வட்டிக்கு எடுத்த கடனும் அந்த உளிக்குள்ளே அடங்கிவிடுவதால், இஃது வெறும் பொருட்கடைப் பேச்சு அன்று.

முப்பரிமாணக் கலைஞன் கணனியினுள் ஒரு மரத்தையோ விலங்கையோ அமைக்கும்பொழுது உண்மையில் அவன் எழுதிவைப்பது கணக்கேயாம். எந்த மேற்பரப்பு எங்கே உள்ளது, அதன் நிறம் யாது, விளக்கு எத்திசையில் நிற்கின்றது என்பனவெல்லாம் எண்களாகவே நிற்கும். ஒளி எங்கே விழுந்து எங்கே தெறித்து நம் கண்ணை அடையும் என்று அக்கணக்கைத் தீர்த்துப் படமாக்கித் தரும் வேலைக்கே ‘ரெண்டரிங்’ என்று பெயர். திரைப்படமாயின் விநாடிக்கு இருபத்துநான்கு சட்டகங்கள் வேண்டும். ஒவ்வொரு சட்டகமும் ஒரு தனிக் கணக்கு.

அக்கணக்கின் பருமனை உணர்வதற்கு ‘டோய் ஸ்டோரி’ நல்ல சான்று. முற்றிலும் கணனியால் ஆக்கப்பெற்ற முதல் முழுநீளத் திரைப்படமாகிய அதனைப் பிக்சார் நிறுவனத்தார் 1995 இல் வெளியிட்டனர். அதற்கென அவர்கள் வரிசையாக நிறுத்திய சன் நிறுவனத்துக் கணனிகள் 117. அவற்றுள் 87 இரண்டு செயலிகளையும் 30 நான்கு செயலிகளையும் கொண்டவை. ஏறத்தாழ 1,14,000 சட்டகங்களுக்காக அவை உழைத்த நேரம் 8,00,000 இயந்திர மணி என்று கணக்கிடப்பட்டது. சட்டகம் ஒன்றுக்குச் சராசரி ஏழு மணி. ஒரேயொரு கணனியிடம் அவ்வேலையை ஒப்படைத்திருப்பின் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்திருக்க வேண்டும்!

இன்றைய கணனிகள் அவற்றைவிடப் பன்மடங்கு விரைவானவை. ஆதலின் அந்த ஏழு மணி இன்று சில நிமிடங்களாகக் குறுகியிருக்கும் என்றே யாரும் எண்ணுவர். அதே நிறுவனம் 2013 இல் வெளியிட்ட ‘மொன்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’ படத்திலோ ஒரு சட்டகத்துக்குச் சுமார் 29 மணி நேரம் சென்றதாகக் கூறப்பட்டது. இயந்திரம் விரைந்தது, ஆசை அதனினும் விரைந்தது. மயிரிழை ஒவ்வொன்றும் அசைய வேண்டும், சுவரில் பட்ட ஒளி மீண்டும் முகத்தில் தெறிக்க வேண்டும் என்று கலைஞர் கேட்டனர். கணனி வரைகலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜிம் பிளின்னின் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறினும் ரெண்டரிங்குக்குச் செல்லும் நேரம் மாறாது என்பதே அது. விரைவை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்டுவோர் இவ்விதியைச் சற்றே சிந்திப்பாராக.

‘டைட்டானிக்’ படத்தின் காட்சிகளை ஆக்கிய டிஜிட்டல் டொமெயின் நிறுவனத்தார் 1990களின் நடுப்பகுதியில் செய்த தேர்வு, எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. அக்காலத்தில் வரைகலை என்றாலே சிலிக்கன் கிராபிக்ஸ் கணனிதான் என்பது தொழிலின் எழுதாச் சட்டம். அவர்களோ தம் வேலையின் சுமை எங்கே விழுகின்றது என்று ஆராய்ந்தனர். கலைஞன் திரைமுன் அமர்ந்து உருவத்தைத் திருப்பிப் பார்ப்பது ஒரு வேலை. இரவு முழுதும் ஆளின்றிக் கணக்கைத் தீர்ப்பது மற்றொரு வேலை. பின்னதற்குத் திரையும் வேண்டாம், அழகிய பெட்டியும் வேண்டாம். தசம எண்களைப் பெருக்கிக் கூட்டும் வலிமை ஒன்றே போதும். அவ்வலிமை மிக்க அல்பா செயலி பொருந்திய 160 கணனிகளை வாங்கினர். அவற்றுள் 105 இல், அந்நாளில் பெரும்பாலும் மாணவரும் ஆர்வலரும் கையாண்டுவந்த இலவச லினக்ஸை நிறுவினர். படம் 1997 இல் வெளிவந்தது. அல்பாவை ஆக்கிய டிஜிட்டல் நிறுவனம் அடுத்த ஆண்டிலேயே கைமாறியது. சிலிக்கன் கிராபிக்ஸ் 2009 இல் முறிந்தது. சன் நிறுவனத்தை 2010 இல் ஒராக்கிள் விழுங்கியது. பெட்டியின் முகப்பில் உள்ள பெயரை வணங்குவோர்க்கு இவ்வரலாறு போதும்.

இன்றைய மாணவன் முன் நிற்கும் பெரிய கேள்வி, கணனியின் நடுச்செயலியில் ரெண்டரிங் செய்வதா, கிராபிக்ஸ் அட்டையில் செய்வதா என்பது. ஆசிரியர்களுக்கு விளங்கும் உவமை ஒன்றால் கூறுவேன். நடுச்செயலி என்பது பெரும் புலவர் சிலர் அமர்ந்த அறை. எவ்விதச் சிக்கலான வினாவையும் அவர்களிடம் கொடுக்கலாம். கிராபிக்ஸ் அட்டையோ ஆயிரக்கணக்கான சிறுவர் நிறைந்த மண்டபம். ஒரே வகைக் கணக்கை எல்லோருக்கும் பகிர்ந்தளித்தால் கண்மூடித் திறக்குமுன் முடித்துவிடுவர். ஒளிக்கதிர்க் கணக்கு அத்தகையதாகையால், பெரும்பாலான வேலைகளில் மண்டபமே வெல்லும். ஆனால் அம்மண்டபத்தின் கரும்பலகை சிறியது. காட்சி முழுவதும் அப்பலகையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இடம் போதாவிடின் வேலை தளரும், அல்லது நின்றுவிடும்.

கரும்பலகை என்று நான் கூறியது அட்டையின் நினைவகத்தை. பக்கத்துக்கு 8192 புள்ளிகள் கொண்ட மேற்பரப்புப் படம் ஒன்று, சுருக்காமல் வைப்பின் சுமார் 268 மெகாபைட் இடத்தை அடைக்கும். அத்தகைய படங்கள் நாற்பது சேர்ந்தால் 12 கிகாபைட் அட்டை ஏறக்குறைய நிரம்பிவிடும். மரமும் மனிதரும் இன்னும் வந்து சேரவில்லை! ‘மோவானா’ படத்துத் தீவுக் காட்சியின் தரவுகளை டிஸ்னி நிறுவனம் 2018 இல் ஆய்வாளருக்காக வெளியிட்டது. அதில் அடங்கிய அடிப்படை வடிவங்கள் 1500 கோடிக்கு மேல். 2022 இல் வெளிவந்த உயர்தர விளையாட்டு அட்டையின் நினைவகமே 24 கிகாபைட்தான். இரண்டு அட்டைகளைப் பொருத்தினால் இரட்டிப்பாகும் என்று நம்புவோரும் உளர். வேலை பகிரப்படும், பலகைகள் பொதுவாக ஒன்றுசேர்வதில்லை. ஒரே காட்சியை இரண்டிலும் எழுதவேண்டியதே வழக்கம். ஆகவே விரைவு சற்றுக் குறைந்து நினைவகம் மிகுந்த அட்டையையே நான் தெரிவேன். தாமதமாக முடியும் வேலையைப் பொறுத்துக்கொள்ளலாம். தொடங்கவே இயலாத வேலையை என் செய்வது?

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளும் பேனையும் போதும். ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு 7200 சட்டகங்கள். சட்டகத்துக்குப் பத்து நிமிடமாயின் இரவு பகலாக ஐம்பது நாள். ஒரு நிமிடமாயின் ஐந்தே நாள். இந்த நாற்பத்தைந்து நாளின் பெறுமதி யாது என்று கணக்கிட்டால், விலை கூடிய அட்டை தேவையா அன்றா என்பது விளங்கிவிடும். சில கட்டடங்களின் நிலைப்படங்களை மட்டும் ஆக்குவோனுக்கு அது தேவைப்படாது. அவன் பணத்தை நல்ல திரைக்கும் கணனியின் பொது நினைவகத்துக்கும் செலவிடுவதே அறிவு.

விற்பனையாளர் சொல்லாத ஒன்று வெப்பம். விளையாடுவோன் இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுவான். ரெண்டரிங்கோ விடியும்வரை முழு மூச்சில் நடப்பது. நம் நாட்டுப் புழுக்கத்தில் மெல்லிய மடிக்கணனி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாங்கிய வேகம் ஒன்று, கிடைக்கும் வேகம் மற்றொன்று. காற்றோட்டமுள்ள பெரிய பெட்டியும் தரமான மின்வழங்கியும் அழகற்றவையாயினும் இரவைக் கடப்பவை அவையே. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீடித்த மின்வெட்டை மறவாதோர்க்கு மற்றொன்றும் சொல்வேன். படத்தை ஒரே காணொளிக் கோப்பாக வெளியிடாது சட்டகம் சட்டகமாகச் சேமிக்க வேண்டும். மின்சாரம் போனால் ஒரு சட்டகமே போகும், முடிந்தவை நிலைக்கும்.

லத்வியா நாட்டு இளைஞர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் நெறிப்படுத்திய ‘ஃபுளோ’ 2024 இல் வெளிவந்தது. பெருவெள்ளத்தில் தப்பிய பூனை ஒன்றின் கதை, வசனம் ஒன்றுமில்லை. இலவச மென்பொருளாகிய பிளெண்டரில், ஒளிக்கதிர் ஒவ்வொன்றையும் தொடராது விளையாட்டுகளைப்போல விரைவாக வரையும் முறையைத் தேர்ந்து, அதற்கேற்ற எளிய மேற்பரப்புகளோடு அதனை ஆக்கினார். பூனையின் மயிர் தூரிகையால் தீட்டியதுபோல இருக்கும். எண்ணிப் பார்க்க இழைகள் இரா. கணனி வரிசைகள் ஏதுமின்றித் தம் சொந்தக் கணனியிலேயே முழுப்படத்தையும் ரெண்டரிங் செய்தார். சட்டகம் ஒன்றுக்குச் சென்றது அரை விநாடி முதல் பத்து விநாடி வரை. 2025 மார்ச் மாதத்தில் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருது அதற்குக் கிடைத்தது.