வாந்திபேதிக் கிருமி சட்டை மாற்றிய கதை

தம்பதிகளே, காலரா என்கிற வாந்திபேதி அசுத்தத் தண்ணீர், ஈ மொய்த்த பண்டம், கழுவாத கை வழியாகத்தான் வயிற்றுக்குள் போகிறது. இரைப்பையின் புளிப்பு நீர் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். தப்பியவை சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு நஞ்சு கக்கும். உடம்பின் உப்பும் நீரும் கழனித்தண்ணியாட்டம் கொட்டிப் போகும். ஆளைக் கொல்வது இந்த நீர் வறட்சிதான்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. கிருமியின் மேலுறையை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். மறுபடி அதே கிருமி வந்தால் சீக்கிரம் மடக்கும். அதனால்தான் காலரா அடிக்கடி வரும் ஊர்களில் பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதிகம் படுப்பார்கள். 1992 அக்டோபரில் நம்ம சென்னையிலேயே இந்தக் கணக்கு தப்பியது. ஓ-139 என்ற புது வகை, மேலுறையை மாற்றிக்கொண்டு வந்தது. பழைய அடையாளம் பலிக்கவில்லை. வளர்ந்த ஆம்பளை, பொம்பளைகளே அதிகம் விழுந்தார்கள். சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் வரை பரவியது.

சட்டைதான் புதுசு, நஞ்சும் வைத்தியமும் பழையவையே. பேதியாகும் குடலும் சர்க்கரையோடு சேர்ந்த உப்பை உறிஞ்சும். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, ஒவ்வொரு பேதிக்கும் பிறகு கொடுங்கள். உப்பு கூடவே கூடாது. பேதியானால் தண்ணி கொடுக்காதே என்று பெரியவர்கள் சொன்னால் கேட்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், தாயின் எதிர்ப்புப் பொருள் அதிலே இருக்கிறது.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் லாரித் தண்ணீர் பிடிப்பவர்கள் காய்ச்சியே குடியுங்கள். விறகும் கேஸும் செலவுதான், ஆனாலும் காய்ச்சுங்கள். கண் குழிந்து மூத்திரம் குறைந்தால், கரைசலைக் கொடுத்தபடியே தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.