ஆணுறை போட்டும் எய்ட்ஸ் பயமா?

"நாடி பிடிச்சுப் பார்த்து எனக்கு எய்ட்ஸ் இருக்கா இல்லையான்னு சொல்லிடுங்க டாக்டர்!" இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ரத்தம் கொடுக்கப் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடியில் எச்.ஐ.வி. தெரியாது. வாத, பித்த, கபத்தின் நிலையைச் சொல்லும் நாடி, ரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று சொல்லாது. சித்தர்கள் சொன்ன 4,448 வியாதிகளில் மேகநோய் உண்டு. ஆனால் எய்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே உலகத்துக்கு 1981-ல்தான் தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தது நம்ம சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதற்கும் ரத்தப் பரிசோதனைதான் வேண்டியிருந்தது.

என்னிடம் வந்த ஒரு இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். வயது முப்பது. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி வேலை. இரண்டு வருடத்தில் நான்கு பெண்களோடு உறவு. ஒவ்வொரு தடவையும் ஆணுறை போட்டிருக்கிறார். அது கிழியவும் இல்லை, கழலவும் இல்லை. கடைசி உறவு முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் கல்யாணம் நிச்சயம் செய்ததும் தூக்கம் போய்விட்டது. மூன்று லேபில் ஆறு தடவை டெஸ்ட் எடுத்திருக்கிறார். ஆறும் நெகடிவ். அப்படியும் நாக்கில் வெள்ளை படிந்தால் பயம், எடை இரண்டு கிலோ குறைந்தால் பயம். "ஒரு பொண்ணு வாழ்க்கை சார், கல்யாணத்தை நிறுத்திடலாமான்னு இருக்கு" என்று கண் கலங்கினார்.

இவருக்கு ஆபத்து எவ்வளவு? நல்ல ஆணுறையின் ரப்பர் வழியாக எச்.ஐ.வி. புகுந்து வர முடியாது. ஒவ்வொரு முறையும், ஆரம்பம் முதல் கடைசி வரை போட்டிருந்தால் தொற்ற வாய்ப்பு மிகவும் குறைவு. தவறு நடப்பதெல்லாம் உபயோகிப்பதில்தான். பாதியில் போடுவது, காலாவதியானதைப் போடுவது, மாதக்கணக்கில் பர்ஸில் வைத்துச் சூட்டில் கெட்டுப்போனதைப் போடுவது. இன்னொன்றும் உண்டு, இது எங்கள் பக்கத்து விஷயம். தேங்காய் எண்ணெய், வேஸலின், 'வீரியத் தைலம்' என்று விற்கிறார்களே, இவற்றைத் தடவினால் ஆணுறையின் ரப்பர் சீக்கிரமே பலம் இழந்து கிழிந்துவிடும். வழுவழுப்பு வேண்டுமானால் தண்ணீர் கலந்த ஜெல் மட்டும்தான். மருந்துக் கடையில் கிடைக்கும்.

அடுத்து, டெஸ்ட் எப்போது எடுப்பது? மறுநாளே ஓடிப்போய் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. கிருமி உள்ளே வந்தாலும் டெஸ்டில் தெரிய நாளாகும். கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, லேபில் செய்யும் புது வகை எலிசா பெரும்பாலும் 45 நாளில் காட்டிவிடும். மற்ற டெஸ்டுகளுக்கு மூன்று மாதக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி உறவிலிருந்து மூன்று மாதம் கழித்து எடுத்து நெகடிவ் என்றால், இல்லை என்றே அர்த்தம். அந்த இளைஞர் எடுத்த ஆறில் மூன்று, 90 நாளுக்குப் பிறகு எடுத்தவை. அவருக்கு எச்.ஐ.வி. இல்லை. ஏழாவது டெஸ்ட் லேப்காரருக்குத்தான் லாபம்!

அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள். தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வரலாம். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இதெல்லாம் வரும். ஒன்றுமே வராமலும் பல வருடம் போகலாம்.

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. டெஸ்ட் இலவசம். ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். 2017-ல் வந்த சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ, முடிவை வெளியில் சொல்லவோ கூடாது. சில பெற்றோர் "மாப்பிள்ளைக்குத் தெரியாம எடுத்துடலாமா" என்று கேட்கிறார்கள். கூடாது.

ஆணுறை கிழிந்துவிட்டதா? யோசித்துக்கொண்டே உட்காராதீர்கள். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் 'பெப்' மருந்து கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அதன் பிறகு டெஸ்ட் எப்போது என்பதை அந்த டாக்டர் சொல்வார்.

பலரோடு உறவு இருந்தவர்கள் எச்.ஐ.வி.யை மட்டும் நினைத்துக் கிரந்திப் புண்ணை மறந்துவிடுகிறார்கள். சிபிலிஸ், ஹெர்பிஸ் போன்றவை ஆணுறை மூடாத இடத்துத் தோல் உரசலிலும் பரவும். ரத்தம் கொடுக்கும்போதே சிபிலிஸுக்கும் ஹெபடைடிஸ்-பி-க்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஒருவேளை பாசிட்டிவ் வந்தால்? ஒரே டெஸ்டை வைத்துச் சொல்ல மாட்டார்கள். வேறு வேறு டெஸ்ட் மூன்று செய்து உறுதி செய்வார்கள். ஏ.ஆர்.டி. மாத்திரை 2004-லிருந்து அரசு மையங்களில் இலவசம். தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு டெஸ்டில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு. எய்ட்ஸை வேரோடு ஒழிக்கும் சித்த மருந்து என்று யாராவது விளம்பரம் செய்தால், சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், நம்பாதீர்கள். மருந்துச் சட்டமே அப்படிச் சொல்லி விற்பதைத் தடை செய்திருக்கிறது.

அந்த இளைஞருக்கு ராத்திரி பாலில் கலந்து சாப்பிட அமுக்கரா சூரணம் கொடுத்தேன். அது தூக்கத்துக்கு, வைரஸுக்கு அல்ல. இரண்டு வாரத்தில் பயம் தணியாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பேசி வைத்துச் சேர்ந்தே டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அவகிட்ட எப்படி சார் ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். நம்பிக்கை மைய ஆலோசகரிடமே கேட்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் போன் போடலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.