லாரியில் கியர் விழாதபோது

லாரியின் எஞ்சினுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் பற்சக்கரக் கூட்டம்தான் கியர்பெட்டி. டீசல் எஞ்சின் ஒரு குறுகிய சுற்று எல்லைக்குள்தான் நன்றாக இழுக்கும். பழைய லாரி எஞ்சின்கள் பலவும் நிமிடத்துக்கு 2,400 முதல் 2,800 சுற்றுக்குள் தம் முழு வலுவையும் எட்டிவிடுகின்றன. நெல் மூட்டைகளோடு நிற்கும் வண்டியைக் கிளப்பவும், அதே வண்டியை நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓட்டவும் அந்த எல்லை மட்டும் போதாது. கிளம்பும்போது வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கவும், ஓடத் தொடங்கியபின் இழுவையைக் கொடுத்து வேகத்தை வாங்கவும் கியர்பெட்டி வழிசெய்கிறது.

திருவண்ணாமலை வட்டாரத்தில் இந்த வேலை லேசானதல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம் வழியாக வரும் நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுத் திண்டிவனம் போகிறது. வேலூர்ச் சாலை, திருக்கோவிலூர்ச் சாலை, தண்டராம்பட்டுச் சாலை எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. ஆரணி அரிசியும் கரும்பும் ஏற்றிய வண்டிகள் இவற்றில் ஓடுகின்றன. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு கியரை இறக்கியாக வேண்டும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மக்கள் நடக்கும்போது, ஊரின் விளிம்பில் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்கின்றன. அரைக் கிளட்சில் இப்படி ஊர்வதுதான் கிளட்ச் பிளேட்டைத் தின்னும் முதல் காரணம். கார்த்திகை தீப நாட்களில் இது இன்னும் கூடும்.

இந்தச் சாலைகளில் ஓடும் பழைய லாரிகளில் பெரும்பாலானவை இரண்டு வம்சங்களைச் சேர்ந்தவை. ஒன்று, 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955-இல் பிரிட்டனின் லேலண்ட் கூட்டோடு பெயர் மாற்றிக்கொண்ட எண்ணூர் அசோக் லேலண்ட். மற்றது, 1954 முதல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் ஜாம்ஷெட்பூரில் உருவான டாட்டா. இரண்டின் ஆரம்பகால வண்டிகளிலும் ஓட்டுநரே இரண்டு முறை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்ஸிலேட்டரால் சுற்றைச் சரிசெய்து கியர் போட வேண்டியிருந்தது. அந்த 'டபுள் கிளட்ச்' பழக்கம் மூத்த ஓட்டுநர்களின் காலில் இன்றும் இருக்கிறது. பிறகு வந்த சிங்க்ரோமெஷ் பெட்டி இந்தச் சுமையை இறக்கியது. காடிலாக் கார்களில் 1928-இல் அறிமுகமான இந்த அமைப்பில், பற்கள் சேர்வதற்கு முன் ஒரு பித்தளைக் கூம்பு வளையம் உராய்ந்து இரண்டு பாகங்களின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் முதலில் அதன் கூடவே ஓடி, வேகம் ஒத்துவந்ததும் படியில் கால் வைப்பதைப் போன்றது இது. வளையம் தேய்ந்துவிட்டால் வேகம் சமனாகாது, பல்லோடு பல் மோதும். 'கர்ர்' என்று கேட்பது அந்த மோதல்தான்.

கியர் விழவில்லை என்றதும் பெட்டியைக் கழற்றச் சொல்வது வீண் செலவுக்கு வழி. கோளாறு பல நேரம் பெட்டிக்கு வெளியே, கிளட்சிலோ, லிவரைப் பெட்டியோடு இணைக்கும் ராடிலோ, ஆயிலிலோ இருக்கும். பெட்டியை இறக்க ஒரு நாள் போகும், வண்டி நின்றால் வாடகையும் போகும். எட்டு ஆண்டு கடந்த லாரி ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டியிருப்பதால், அதை ஒட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்துவிடும் ஆசையும் உரிமையாளருக்கு வரும். நல்ல மேஸ்திரி அதற்கு இடம் கொடுப்பதில்லை. அவர் முதலில் ஓட்டுநரைக் கேட்பார்: எல்லாக் கியரும் இடிக்கிறதா, ஒன்று மட்டுமா? காலையில் கிளப்பும்போதா, சூடேறிய பிறகா? ஏற்றும்போதா, இறக்கும்போதா? இந்தப் பதில்களிலேயே பாதி விடை இருக்கிறது.

அடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்திய நிலையில் தடங்கலின்றி விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுமையாக விடவில்லை என்று பொருள். எஞ்சின் நின்றிருக்கும்போதே லிவர் இறுகினால் குறை லிவருக்குக் கீழே, ராடிலோ செலக்டரிலோ இருக்கிறது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிளட்ச் மீது சந்தேகம் வந்தால் ரிவர்ஸ் கியர் அதை உறுதிப்படுத்தும். பெரும்பாலான பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ இல்லை. வண்டி நின்று, எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் கிளட்சை முழுதாக மிதித்துச் சில விநாடி காத்திருந்தால், உள்ளே சுற்றும் பாகங்கள் தாமாக நின்றிருக்க வேண்டும். அதன்பிறகும் ரிவர்ஸ் கர்ரென்று இடித்தால், கிளட்ச் பிளேட் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. காரணத்தைப் பெடலிலிருந்தே தேட வேண்டும். பெடலின் ஃப்ரீ பிளே அளவுக்கு மேல் போயிருக்கலாம். ஆயில் கிளட்சாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ கசிவு இருக்கலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்ததும் கியர் விழுந்தால் அது காற்றின் வேலை. காற்றை எடுத்துவிட்டால் போதும். பிரஷர் பிளேட்டின் விரல்கள் மட்டம் தவறியிருப்பது, பிளேட் வளைந்திருப்பது, ஃப்ளைவீல் நடுவிலுள்ள சின்ன பேரிங் இறுகியிருப்பது ஆகியவை கடைசியாகப் பார்க்க வேண்டியவை.

கிளட்ச் விடாமல் இழுப்பதற்கு நேர்மாறானது கிளட்ச் ஸ்லிப். செங்கம் சாலையில் பாரத்தோடு ஏறும்போது எஞ்சின் சுற்று ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது, அல்லது அதில் ஆயில் பட்டிருக்கிறது. ஆயில் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அடுத்த பௌர்ணமிக்குள் வண்டி மீண்டும் பட்டறைக்கு வந்துவிடும்.

லிவர்ப் பக்கத்துக் குறைகளை அதிகம் பேர் கவனிப்பதில்லை. லிவரின் அடியிலுள்ள பந்து மூட்டு, ராடின் புஷ், பெட்டியின் மேல்மூடியிலுள்ள செலக்டர் ஆகியவற்றில் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேரும் தேய்மானம் கூடி, லிவர் முழுத் தூரம் போனாலும் உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் முழுதாக நகராமல் போகிறது. கியர் பாதி பல்லில் நிற்கும். பாரம் விழுந்ததும் எகிறி நியூட்ரலுக்கு வந்துவிடும். மலை இறக்கத்தில் இப்படி நேர்ந்தால் எஞ்சின் பிரேக் இல்லாமல் போகும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும். அதன் விலை கியர்பெட்டி வேலையின் கூலியில் ஒரு சிறு பங்குதான். இவை சரியாக இருந்தும் கியர் எகிறினால்தான் ஃபோர்க், லாக்கிங் பந்தின் ஸ்பிரிங், கியரின் பக்கப் பல் ஆகியவை தேய்ந்ததாகக் கொள்ளலாம்.

ஆயிலைப் பார்ப்பது எளிது. பெட்டியின் பக்கவாட்டு பிளக்கைக் கழற்றினால் துளையின் அடிவிளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். வடித்த ஆயிலில் மை போன்ற கருந்தூள் இருப்பது இயல்பு. பொன்னிறத் துகள் மினுங்கினால் சிங்க்ரோ வளையம் கரைகிறது. இரும்புச் செதில் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. சிங்க்ரோ பெட்டிக்கு ஜி.எல்.-4 தர ஆயில் சொல்லப்பட்டிருக்க, பின் ஆக்ஸிலுக்கு வாங்கிய ஜி.எல்.-5 ஆயிலை மிச்சப்படுத்த இதிலும் ஊற்றுவது உண்டு. அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். கூம்பின் உராய்வையும் குறைத்து கியர் போடுவதைக் கடினமாக்கும்.

சத்தத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் பெட்டியின் முன்பக்க பேரிங்குகள் போயிருக்கின்றன. மிதித்தால் மட்டும் கேட்டால் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பற்கள். ஐந்து கியர் பெட்டிகள் பலவற்றில் டாப் கியர் நேரடிக் கியர், அதில் கீழ்த் தண்டின் மேல் சுமை விழாது. ஆகவே மற்றக் கியர்களில் இரைந்து டாப்பில் அடங்கும் வண்டியில் கீழ்த் தண்டின் பேரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

கிளட்ச் பெடலே இல்லாத ஆட்டோமேட்டிக் பெட்டிகளும் கனரக வண்டிகளில் உண்டு. அமெரிக்காவின் அலிசன் நிறுவனம் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் அவற்றைத் தயாரிக்கிறது. இதில் கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டரில் சுழலும் எண்ணெயே விசையைக் கடத்துகிறது. எண்ணெயின் அழுத்தம் தட்டுக் கொத்துகளை இறுக்கியும் தளர்த்தியும் கியரை மாற்றுகிறது. அதனால் இங்கே முதல் சோதனை எண்ணெய்தான். சமதளத்தில், சூடேறிய எஞ்சின் ஓடும்போது, நியூட்ரலில் அளவுகோலைப் பார்க்க வேண்டும். சிவப்பாக வர வேண்டியது பழுப்பேறிக் கருகி வந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. லிவரை டிரைவில் வைத்துப் பல விநாடி கழித்தே வண்டி அசைந்தால் எண்ணெய் குறைவு, அடைத்த ஃபில்டர் அல்லது இறுகிப்போன சீல்கள். இரண்டு கியருக்கு இடையே எஞ்சின் சுற்று திடீரென எகிறினால் ஒரு தட்டுக் கொத்து நழுவுகிறது. எண்ணெய் சரியாக இருந்தும் கியர் தாமதமாக மாறினால் குறை மின்பக்கம் இருக்கலாம். வேகத்தைச் சொல்லும் சென்சார், ஆக்ஸிலேட்டர் சென்சார், சொலினாய்டு, அவற்றுக்குப் போகும் வயர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பழைய வண்டிகளில் பச்சை படிந்த கனெக்டர், எலி கடித்த வயர், தளர்ந்த எர்த் ஆகிய மூன்றும் சகஜம். இவற்றைத் தேய்த்தும் இறுக்கியும் பார்த்து, கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரில் படித்து, அழுத்தமானியில் எண்ணெயின் அழுத்தத்தை அளந்த பிறகுதான், எண்ணெயைப் பிரித்தனுப்பும் வால்வ் பாடியில் கை வைக்க வேண்டும்.