தோட்டா மீள்நிரப்பல்

தோட்டா மீள்நிரப்பல் என்பது, ஒரு முறை சுடப்பட்ட துப்பாக்கித் தோட்டாவின் வெற்று உறையைச் சீர்செய்து, அதில் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி, மீண்டும் சுடத்தக்க தோட்டாவாக ஆக்கும் செயல் ஆகும். ஆங்கிலத்தில் இது ரீலோடிங் அல்லது ஹேண்ட்லோடிங் என வழங்கப்படுகின்றது. இச்சொல் பெரும்பாலும், தனிநபர்கள் தமது வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டாக்களை ஆக்கிக்கொள்வதையே குறிக்கும். இலக்குச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோரிடமும் வேட்டையாடுவோரிடமும் இது ஒரு பொழுதுபோக்காக வேரூன்றியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது மிகப் பரவலாக உள்ளது.

செலவைக் குறைத்தல், துல்லியத்தைக் கூட்டுதல், கடைகளில் கிடைக்காத தோட்டாக்களைப் பெறுதல் ஆகியவை இதன் முதன்மையான நோக்கங்கள். தொழிற்சாலையில் பலர் பல நிலைகளில் செய்யும் சோதனைகள் அனைத்தையும் இங்கு ஒருவரே செய்ய வேண்டியுள்ளது. பிழை நேர்ந்தால் அதன் விளைவும் பெரும்பாலும் அவரையே சாரும். எனவே இக்கலையின் முறைகளில் பெரும்பகுதி பிழையைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்டவையே.

தோட்டாவின் பாகங்கள்

தற்காலத் தோட்டா ஒன்றில் நான்கு பாகங்கள் உள்ளன.

உறை: ஏனைய பாகங்களைத் தாங்கும் கலம். இது பெரும்பாலும் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட பித்தளையால் ஆனது. சுடும்போது உறை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வளிமம் பின்புறமாகக் கசியாமல் தடுக்கின்றது. அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்குவதால் அதனை எளிதாக வெளியே எடுக்கலாம். பித்தளையின் இந்த மீள்தன்மையே மீள்நிரப்பலைச் சாத்தியமாக்குகின்றது.

பிரைமர்: உறையின் அடிப்புறக் குழியில் பொருத்தப்படும் சிறு உலோகக் கிண்ணம். இதிலுள்ள வேதிக்கலவை, துப்பாக்கியின் ஊசி இடிக்கும்போது தீப்பற்றி வெடிமருந்தைக் கொளுத்துகின்றது.

வெடிமருந்து: எரிந்து வளிமமாக மாறிக் குண்டை உந்தும் பொருள். தற்காலத்தில் புகையிலா வெடிமருந்தே பெரிதும் பயன்படுகின்றது.

குண்டு: குழலிலிருந்து வெளியேறி இலக்கைச் சென்றடையும் பாகம். இது ஈயத்தாலோ, செப்புக் கலவை போர்த்திய ஈயத்தாலோ, முழுவதும் செம்பாலோ ஆனதாக இருக்கலாம்.

இவற்றுள் பொதுவாக விலை கூடியதும், சுட்ட பின்னர் சுடுபவரிடமே எஞ்சுவதும் உறையே ஆகும்.

பிரைமர்களில் இரு வகைகள் உள்ளன. பாக்சர் வகையை பிரித்தானியப் படை அதிகாரி எட்வர்டு பாக்சரும், பெர்டான் வகையை அமெரிக்கரான ஐரம் பெர்டானும் 1860களில் உருவாக்கினர். பாக்சர் வகை உறையின் நடுவில் ஒரே ஒரு துளை உண்டு. அதன் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரை எளிதில் தள்ளிவிடலாம். பெர்டான் வகையில் நடுவே உறையோடு ஒன்றிய முனை ஒன்றும், பொதுவாக அதன் இரு பக்கமும் சிறு துளைகளும் இருப்பதால் இவ்வாறு செய்ய இயலாது. பிரித்தானியரின் வகை அமெரிக்காவில் வழக்கானது. அமெரிக்கரின் வகை ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கு வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

.22 லாங் ரைபிள் போன்ற விளிம்புத் தோட்டாக்களில் தீப்பற்றும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருப்பதால் அவற்றை நடைமுறையில் மீள்நிரப்ப முடியாது.

வரலாறு

உலோக உறைத் தோட்டாக்கள் வருவதற்கு முன்னர், துப்பாக்கி வைத்திருந்தோர் பலர் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துத் தாமே குண்டு செய்து, கருமருந்தை அளந்து குழலில் இட்டு வந்தனர். எனவே மீள்நிரப்பல் புதிதாகத் தோன்றிய பழக்கம் அன்று. பழைய பழக்கம் புதிய தோட்டாவுக்கு ஏற்ப மாறியதே ஆகும். 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியோர் கடைகளுக்குத் தொலைவில் இருந்தமையால், தமது முகாம்களிலேயே வெற்று உறைகளை மீண்டும் நிரப்பினர். 1884-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம், கையடக்கமான மீள்நிரப்பல் கருவிகளையும் கையேடுகளையும் வெளியிட்டது. 1925-இல் இந்நிறுவனத்தின் தொழில் லைமன் நிறுவனத்தின் வசமானது.

1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியே புகையிலா வெடிமருந்தை உருவாக்கினார். கருமருந்துத் தோட்டாவில் உறையை மருந்தால் நிரப்பி, மேலே குண்டை அழுத்துவதே சரியான முறையாக இருந்தது. ஆற்றல் மிகுந்த புகையிலா மருந்தில் அப்பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. கொள்ளளவைக் கண்ணால் பார்த்து நிரப்பும் காலம் முடிந்து, எடையை நிறுத்து நிரப்பும் காலம் அப்போது தொடங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இப்பொழுதுபோக்கு பெரிதும் வளர்ந்தது. படைத்துறையிடம் எஞ்சிய வெடிமருந்தை புரூசு ஆச்டன் வாங்கி மக்களுக்கு விற்றார். 1943-இல் பிரெட் அண்டிங்டன் கலிபோர்னியாவின் ஒரோவில் நகரில் ஆர்.சி.பி.எசு. நிறுவனத்தைத் தொடங்கினார். 1949-இல் சாயிசு ஆர்னடி நெப்ராசுகாவில் தமது குண்டு தயாரிப்பு நிறுவனத்தை நிறுவினார்.

மீள்நிரப்புவோரின் சோதனைகளிலிருந்து பல புகழ்பெற்ற தோட்டாக்கள் பிறந்துள்ளன. ஓர் உறையின் கழுத்தை ஒடுக்கியோ விரித்தோ தனிநபர்கள் உருவாக்கும் புதிய தோட்டா வடிவம் வைல்டுகேட், அதாவது காட்டுப்பூனை, எனப்படுகின்றது. இவ்வாறு தோன்றிய .22-250 தோட்டாவை 1965-இலும், .25-06 தோட்டாவை 1969-இலும் ரெமிங்டன் நிறுவனம் தனது தயாரிப்பாக ஏற்றுக்கொண்டது. 1935-இல் வெளிவந்த .357 மேக்னம், 1955-இல் வெளிவந்த .44 மேக்னம் ஆகியவற்றின் பின்னணியில் எல்மர் கீத் போன்றோர் தம் கையால் நிரப்பிச் சோதித்த வலுவான தோட்டாக்கள் இருந்தன.

நோக்கங்கள்

செலவு: உறை மீண்டும் மீண்டும் பயன்படுவதால், ஒரு தோட்டாவுக்கான செலவு குறைகின்றது. எனினும் கருவிகளின் விலை தொடக்கத்தில் கணிசமானது. செலவு குறைந்ததால் முன்னைவிட மிகுதியாகச் சுடத் தொடங்கி, முடிவில் எதையும் சேமிக்காதோரே அதிகம் என்பது இத்துறையில் வழங்கும் நகைச்சுவை.

துல்லியம்: தொழிற்சாலைத் தோட்டா அவ்வகைத் துப்பாக்கிகள் அனைத்துக்கும் பொருந்த வேண்டும். மீள்நிரப்புபவரோ ஒரே ஒரு துப்பாக்கிக்காகத் தோட்டா செய்கின்றார். ஒரு துப்பாக்கியில் சுடப்பட்ட உறை அதன் அறையின் வடிவைப் பெற்றுவிடுகின்றது. அவ்வுறையின் கழுத்தை மட்டும் ஒடுக்கிப் பயன்படுத்தலாம். குண்டு எவ்வளவு ஆழத்தில் அமரவேண்டும் என்பதையும் அக்குழலுக்கு ஏற்ப அமைக்கலாம். பெஞ்ச்ரெஸ்ட் எனப்படும் மேசைநிலைச் சுடுபோட்டிகளில் போட்டியாளர்கள் சுடுதளத்திலேயே சில உறைகளைத் திரும்பத் திரும்ப நிரப்புவது வழக்கம்.

கிடைக்கும் தன்மை: தயாரிப்பு நின்றுபோன பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டா பெற மீள்நிரப்பலே பல வேளைகளில் ஒரே வழியாகும். ஆயினும் கடைத் தட்டுப்பாட்டிலிருந்து இது முழு விடுதலை தருவதில்லை. 2020-21 காலப்பகுதியில் அமெரிக்காவில் தோட்டாக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பிரைமர்களும் கிடைப்பதற்கு அரிதாயின. பிரைமரை வீட்டில் செய்வது மிகவும் ஆபத்தானது என்பதால், அதற்காகத் தொழிற்சாலையையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

கருவிகள்

நெம்புகோலால் இயங்கும் அழுத்துபொறி முதன்மைக் கருவியாகும். ஒற்றை நிலைப் பொறியில் நெம்புகோலின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு வேலை மட்டுமே நடைபெறும். சுழல் வகைப் பொறியில் பல உறைகள் வெவ்வேறு நிலைகளில் ஒரே நேரத்தில் இருப்பதால், ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளிவரும். முதல் வகை மெதுவானது. ஆனால் ஒவ்வோர் உறையையும் கண்ணால் பார்க்க இடம் தருவதால் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றது.

இத்துடன் ஒவ்வொரு தோட்டா வகைக்கும் உரிய அச்சுகள், மருந்து நிறுக்கும் தராசு, நீளம் அளக்கும் கருவி, உறையின் நீளத்தை வெட்டும் கருவி ஆகியவையும் தேவை. மருந்தும் குண்டும் கிரெய்ன் என்னும் அலகால் நிறுக்கப்படுகின்றன. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். கைத்துப்பாக்கித் தோட்டாவில் சில கிரெய்ன் மருந்தே இருக்கும் என்பதால் அரை கிரெய்ன் பிழையும் பொருட்படுத்தத்தக்கது.

இவை அனைத்தையும்விட முக்கியமானது மருந்து அளவுக் கையேடு. குண்டு, மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் ஆய்வகத்தில் அழுத்தத்தை அளந்து, எந்தக் குண்டுக்கு எந்த மருந்தில் எவ்வளவு இடலாம் என்பதை அட்டவணையாக வெளியிடுகின்றன. வீட்டில் அழுத்தத்தை அளக்கும் வசதி இல்லாமையால் இவ்வட்டவணைக்கு மாற்று இல்லை.

செயல்முறை

முதலில் வெற்று உறைகள் ஒவ்வொன்றாகப் பார்வையிடப்படுகின்றன. கழுத்தில் பிளவு உள்ளவை விலக்கப்படும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தென்பட்டால், உள்ளே சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். அவ்வுறை அடுத்த முறை இரண்டாக அறுந்துபோகலாம். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் மெலிந்த இடம் பள்ளமாகத் தட்டுப்படும்.

பின்னர் உறைகள், அரைத்த சோளக் கதிர்த் தண்டு அல்லது வாதுமை ஓட்டுத் தூளுடன் அதிரும் கலத்தில் இடப்பட்டுத் துலக்கப்படுகின்றன. துலக்கிய உறையை அச்சில் அழுத்தும்போது அது பழைய அளவுக்கு ஒடுங்குகின்றது. பழைய பிரைமரும் வெளியேறுகின்றது. ரைபிள் உறைகள் ஒவ்வொரு முறையும் சற்று நீள்வதால், குறித்த நீளத்துக்கு வெட்டப்பட வேண்டும். தொடர்ந்து விரிந்து ஒடுங்குவதால் கழுத்துப் பித்தளை கடினமாகி வெடிக்கத் தலைப்படும். அதனைச் சூடாக்கி மீண்டும் இளக்குவோரும் உண்டு.

இதையடுத்துப் புதிய பிரைமர் பொருத்தப்பட்டு, நிறுத்த மருந்து இடப்பட்டு, குண்டு உரிய ஆழத்தில் அமர்த்தப்படுகின்றது. சில வகைகளில் உறையின் வாய் குண்டைச் சுற்றி இறுக்கப்படும். இறுதியில் ஒவ்வொரு தோட்டாவின் நீளமும் சரிபார்க்கப்படுகின்றது.

அழுத்தமும் விபத்துகளும்

அமெரிக்கத் தரநிலைகளின்படி .38 ஸ்பெஷல் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000; .30-06 ரைபிள் தோட்டாவுக்கு 60,000. இவ்வெல்லை மீறப்படும்போது துப்பாக்கியே சிதறக்கூடும். அவ்வேளையில் சுடுபவரின் கைகளும் முகமும் மிக அருகில் உள்ளன.

இரட்டை நிரப்பல் மிகவும் அஞ்சப்படும் பிழைகளுள் ஒன்று. .38 ஸ்பெஷல் 1898-இல் கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. ஆகவே அதன் உறை பெரியது. இலக்குப் பயிற்சிக்காக இடப்படும் புகையிலா மருந்தோ உறையின் அடியில் சிறு பகுதியை மட்டுமே நிரப்பும். கவனம் சிதறி ஒரே உறையில் இரு முறை மருந்து இட்டாலும் அது வழிந்து காட்டிக்கொடுக்காது. எனவே குண்டை அமர்த்துவதற்கு முன்னர் எல்லா உறைகளையும் ஒரு பலகையில் நிறுத்தி, விளக்கொளியில் மருந்தின் மட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்குமாறு கையேடுகள் வலியுறுத்துகின்றன.

மருந்தே இடாமல் விடுவதும் இதற்குக் குறைந்த ஆபத்தன்று. பிரைமரின் விசையால் மட்டும் நகர்ந்த குண்டு குழலின் நடுவே சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிதுங்கும் அல்லது வெடிக்கும். ஓசை வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே சுடுவதை நிறுத்திக் குழலைச் சோதிப்பது விதி.

மூன்றாவது பிழை மருந்து மாறிப்போதல். விரைந்து எரியும் கைத்துப்பாக்கி மருந்தும், மெதுவாக எரியும் ரைபிள் மருந்தும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கலாம். இதனால் ஒரு நேரத்தில் ஒரே மருந்துக் கலன் மட்டுமே மேசையில் இருக்க வேண்டும் என்றும், வேலை முடிந்ததும் எஞ்சியதை அதே கலனில் திருப்பி ஊற்ற வேண்டும் என்றும் கூறப்படுகின்றது. பெயர் எழுதாத புட்டியிலுள்ள மருந்தைப் பயன்படுத்தாமல் அழித்துவிட வேண்டும்.

புதிய சேர்க்கை எதையும் உச்ச அளவில் தொடங்காமல், ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துவது வழக்கம். தட்டையான பிரைமர், வெளியே எடுக்கக் கடினமான உறை ஆகியவை மிகை அழுத்தத்தின் அறிகுறிகள். ஆனால் இவை பல வேளைகளில் எல்லை கடந்த பின்னரே தோன்றுவதால், அறிகுறி இல்லாமை பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

சேமிப்பும் உடல்நலமும்

புகையிலா மருந்து திறந்த வெளியில் வெடிப்பதில்லை, வேகமாக எரிகின்றது. இறுக்கமாக மூடிய இரும்புப் பெட்டியில் எரிந்தால் அழுத்தம் கூடி வெடிக்கும். ஆகவே அது தயாரிப்பாளரின் கலனிலேயே, வெப்பமும் தீயும் அணுகாத இடத்தில் வைக்கப்பட வேண்டும். பிரைமர்கள் அடியாலும் மின்பொறியாலும் வெடிக்கக்கூடியவை; ஒன்று வெடித்தால் அருகிலுள்ளவையும் சேர்ந்து வெடிக்கும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புக் கழகத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு, வீட்டில் 10,000 பிரைமர்கள் வரையும், தயாரிப்பாளரின் கலன்களில் 20 பவுண்டு புகையிலா மருந்து வரையும் வைத்திருக்க இடமளிக்கின்றது. அதற்கு மேற்பட்ட மருந்துக்குக் குறித்த தடிப்புள்ள மரப்பெட்டி வேண்டும்.

பிரைமர் கலவையில் ஈயச் சேர்மம் உள்ளதால், பழைய உறைகளைத் துலக்கும்போது எழும் தூசியில் ஈயம் கலந்திருக்கும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்தல், வேலையின்போது உண்ணாமலும் புகைக்காமலும் இருத்தல், பின்னர் கைகளைக் கழுவுதல் ஆகியவை அடிப்படை முறைகள். வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பின் இது மேலும் முக்கியமாகின்றது.

சட்ட நிலை

அமெரிக்க நடுவண் சட்டத்தின்படி சொந்தப் பயன்பாட்டுக்கு மீள்நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்வதற்கு உரிமம் வேண்டும். செருமனியில் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறி, வெடிபொருள் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். பிரித்தானியாவில் பிரைமர் வாங்குவதற்கு 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் கட்டுப்பாடுகளை விதித்தது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டாக்கள் உற்பத்தி செய்வதைத் தடைசெய்கின்றது; துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் இதற்குப் போதாது.

இவற்றையும் பார்க்க

துப்பாக்கி
வெடிமருந்து
பித்தளை
குறி பார்த்துச் சுடுதல்