சூடும் சுவையும் – 14: காய்ந்த திரி

நெய் உருக்கும் பதத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இறக்க வேண்டிய நேரத்தில் இறக்காவிட்டால், மணக்க மணக்க வந்த நெய் கருகிக் கசந்துவிடும். அதே பதம் தப்பும் கதை ஒரு விரல் நீளக் கருவிக்குள் நடப்பதை லண்டனில் பார்த்தேன். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் அண்ணன் மகன் பன்னிரண்டு வருடம் சிகரெட் பிடித்தவன். அதை விடுவதற்காக மின்சிகரெட்டுக்கு மாறியிருந்தான்.

"சார்ஜ் இறங்குச்சுன்னா டேஸ்ட்டும் இறங்கிடும் சித்தப்பா. ஏன்னுதான் புரியல" என்றான் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில். சொல்லிவிட்டுக் கருவியைக் கழற்றி உள்ளே இருப்பதை ஒரு தட்டில் வைத்தான். பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைவிடச் சின்னதாக ஒரு கம்பிச் சுருள், அதன் நடுவே செருகிய பஞ்சு. புதிய சுருளில் பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. பழையதில் கம்பி தொட்ட இடமெல்லாம் டிகாக்‌ஷன் நிறம். நம் வீட்டு விளக்குத் திரியேதான். எண்ணெய்க்குப் பதில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், பெரும்பாலும் வாசனைப் பொருளும் கலந்த திரவம். நெருப்புக்குப் பதில் மின்சாரம்.

அவன் கேள்விக்கு விடை பள்ளிக்கூடத்து ஓம் விதியில் இருக்கிறது. முழுக்க சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும். தீரும் நேரத்தில் சுமார் 3.3-க்கு இறங்கிவிடும். சுருளின் மின்தடை 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், முதலில் கிடைப்பது 8.8 வாட், கடைசியில் 5.4 வாட். வோல்ட் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் சூடு கூடும், குறையும். எளிய மலிவுக் கருவிகளில் இந்த இறக்கம் அப்படியே நாக்குக்குத் தெரியும்.

ஏன் நாக்குக்கு? வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிட்டேட் 142 டிகிரியில் கொதிக்கிறது. அன்னாசி வாசனைக்குரிய எத்தில் பியூட்டிரேட்டுக்கு 121 டிகிரியே போதும். வெனிலாவின் வெனிலினுக்கோ 285 டிகிரி வரை போகவேண்டும். புரோப்பிலீன் கிளைக்கால் 188-இலும் கிளிசரின் 290-இலும் கொதிப்பவை. சூடு குறைந்தால் பழ வாசனை மட்டும் மெலிதாக எட்டிப்பார்க்கும்; இனிப்பும் கனமும் வராது. சூடு ஏறினால் வெனிலா, காரமல் வகையெல்லாம் எழும். பழம் வேகவைத்த பழமாகிவிடும். வோல்ட்டை மாற்ற முடிகிற கருவிகளில் பழத்துக்குக் குறைந்த வோல்ட், வெனிலாவுக்குச் சற்றுக் கூடுதல் என்று மின்சிகரெட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு இதுதான் அடிப்படை.

இதுவரை எல்லாம் ருசிக் கணக்கு. இதற்கு மேல்தான் எனக்குக் கவலை.

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடி பிடிக்காது. பஞ்சில் திரவம் இருக்கும்வரை கம்பியும் ஓர் எல்லைக்கு மேல் சூடாவதில்லை. வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போனால், பஞ்சு உறிஞ்சித் தரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் அதிகமாகிவிடும். திரி காய்ந்துபோகும். அந்த நொடியில் சூடு சட்டென்று எகிறி, கிளிசரின் சிதைந்து அக்ரோலினாக மாறுகிறது. வடைச் சட்டியில் எண்ணெய் புகைந்து கண்ணைக் கரித்து, தொண்டை கமறுகிறதே, அதற்குக் காரணமும் அக்ரோலின்தான். எண்ணெயின் கட்டமைப்பிலும் கிளிசரின் இருக்கிறது. கூடவே வருவது புற்றுநோய் உண்டாக்கும் ஃபார்மால்டிஹைடு.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரே கருவியை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். 3.3-இல் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் தென்படவில்லை. 5-இல் தென்பட்டன. உலகமெங்கும் அது தலைப்புச் செய்தியானது. ஏதென்ஸைச் சேர்ந்த இதய மருத்துவர் கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோஸ் மறுத்தார். அனுபவமுள்ளவர்களிடம் கருவியைக் கொடுத்து, எந்த அளவில் கருகல் சுவை வருகிறது என்று சொல்லவைத்து, அதே அளவுகளில் வேதிப்பொருள்களை அளந்தார். கருகல் சுவை வந்த இடத்தில்தான் ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் பல மடங்கு எகிறியிருந்தன. அந்தச் சுவையை எந்த மனிதனும் தாங்கமாட்டான், இயந்திரம்தான் தொடர்ந்து இழுக்கும் என்பது அவர் வாதம்.

அவர் அளவீட்டை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த வாதம் முழுக்க முழுக்க ஒரு நாக்கை நம்பி நிற்கிறது. அதுவும் பழகிய நாக்கை. நேற்று வாங்கியவனுக்கு எது கருகல், எது காரமல் என்று எப்படித் தெரியும்? கசப்பும் கமறலும் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. சூடு எல்லை மீறாமல் கட்டுப்படுத்தும் மின்சுற்றுகள் வந்ததில் கருகல் குறைந்தது, அது நல்லதுதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. 2015-இல் வந்த ஜூல் என்ற மின்சிகரெட், நிகோட்டினோடு பென்சாயிக் அமிலம் சேர்த்துத் தொண்டைக் கமறலையும் தணித்தது. மாம்பழமும் புதினாவும் கிடைத்தன. 2019-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மின்சிகரெட் பிடித்தார்கள். சிகரெட்டையே தொடாத எத்தனையோ பிள்ளைகள் அதில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடைசெய்தது. பிரிட்டனோ வயதுவந்த புகைப்பிடிப்பவர்களை இதற்கு மாறச் சொல்கிறது.

அண்ணன் மகன் பழைய சுருளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தினான். திரவம் ஊற்றி, பஞ்சு ஊறட்டும் என்று பத்து நிமிடம் மேஜையிலேயே வைத்தான். காய்ந்த பஞ்சில் முதல் இழுப்பு இழுத்தால் அந்தச் சுருளே பாழ் என்றான். குப்பியை எடுத்துப் பார்த்தேன். நிகோட்டின் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். தொடங்கும்போது 18 இருந்ததாம். எந்தப் பழத்தின் படமும் அதில் இல்லை. வாசனையே சேர்க்காத திரவம்.

"மாம்பழம் இருந்தா நிறுத்தவே தோணாது சித்தப்பா" என்றான்.

(தொடரும்)