அஞ்சலின் முகப்பில் ஒரு சின்னம்



கைப்பேசியில் மின்னஞ்சற் பெட்டியைத் திறந்தால் ஒவ்வோர் அஞ்சலின் பக்கத்திலும் ஒரு சிறு வட்டம் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். சில வட்டங்களில் அனுப்பியவர் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். சிலவற்றில் ஒரு வங்கியின் சின்னமோ, பெரிய வணிக நிறுவனம் ஒன்றின் சின்னமோ இருக்கும். அஞ்சலைத் திறந்து பார்த்தால், சில நிறுவனங்களின் பெயருக்கு அருகே நீல நிறத்தில் ஒரு சரிக்குறியும் காணப்படும். இச்சின்னத்தை அங்கே வைத்தவர் யார்? எதை நம்பி வைத்தார்? ஒரு வஞ்சகன் வங்கியின் சின்னத்தைத் தன் அஞ்சலில் ஒட்டிக்கொள்ள முடியாதா? உதவித்தொகை கிடைத்துவிட்டது என்றும், வேலை காத்திருக்கிறது என்றும் மாணவர்களுக்குப் பொய் அஞ்சல்கள் வந்துகொண்டிருக்கும் காலம் இது. ஆகவே, இவை பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்விகள் அல்ல.

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயர் என்று நாம் காண்பது, அனுப்புகிறவர் தாமே எழுதிக்கொள்வது. தபால் உறையின் மூலையில் நாம் எழுதும் அனுப்புநர் முகவரி மெய்தானா என்று தபால் நிலையத்தார் வீடு வரை வந்து பார்ப்பதில்லை அல்லவா? மின்னஞ்சலும் அப்படித்தான் பிறந்தது. ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட அஞ்சல் நெறிமுறையின் வழிவந்ததே இன்றைய முறை. அந்நாளில் அவ்வலையில் இருந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சி நிலையத்தாருமே. ஒருவரையொருவர் ஐயுற அவர்களுக்குக் காரணம் இல்லை. அதனால், அனுப்புநர் பெயரைச் சோதிக்கும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. அந்த வெகுளித்தனத்தின் விலையைத்தான் நாம் இன்றும் கொடுத்து வருகிறோம்.

பின்னால் வந்த அறிஞர்கள் இக்குறையைப் போக்க மூன்று காவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தார்கள். அவற்றைப் புரிந்துகொள்ள, களப்பெயர் என்பதை முதலில் அறியவேண்டும். மின்னஞ்சல் முகவரியில் 'அட்' என்னும் குறிக்குப் பின்னால் வரும் பகுதியே களப்பெயர். ஒவ்வொரு களப்பெயருக்கும் இணையத்தின் பெயர்ப்பதிவேட்டில் ஓர் இடம் உண்டு. அவ்விடத்தில் எழுதும் உரிமை களப்பெயரின் உடையவருக்கே உரியது. படிக்கும் உரிமையோ உலகில் எவருக்கும் உண்டு. மூன்று காவல்களும் இந்தப் பதிவேட்டையே ஆதாரமாகக் கொண்டவை.

முதற் காவலுக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். 'எம் பெயரால் அஞ்சல் அனுப்பும் உரிமை பெற்ற கணினிகள் இவை' என்று ஒரு பட்டியலை நிறுவனம் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அஞ்சல் வந்த கணினி அப்பட்டியலில் உள்ளதா என்று பெறுகிறவர் பக்கத்துக் கணினி பார்த்துக்கொள்ளும். எளிய ஏற்பாடு, ஆனால் வலுவற்றது. இக்காலத்தில் நிறுவனங்கள் பல, தம் அஞ்சல்களை ஒரே பெரிய கணினி நிலையத்தின் வழியாக அனுப்புகின்றன. ஒரு வாயிலில் பலர் புகுந்து வெளிவரும்போது, வாயிலைப் பார்த்து ஆளை அறிவது எங்ஙனம்?

இரண்டாவதாகிய டிகிம், என் கருத்தில், மூன்றனுள்ளும் அழகானது. இதில் நிறுவனத்திடம் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று மறைச்சாவி, அது நிறுவனத்தை விட்டு வெளியே போவதில்லை. மற்றொன்று பொதுச்சாவி, அதைப் பதிவேட்டில் எல்லாரும் காண வைத்துவிடுவார்கள். அஞ்சல் புறப்படும்போது, அதன் வாசகத்தையும் அனுப்புநர், பொருள் முதலிய தலைப்பு வரிகளையும் கணித முறையால் சுருக்கி, அச்சுருக்கத்தின் மேல் மறைச்சாவியால் ஒரு கையொப்பம் இடுவார்கள். பெறுகிற கணினி பொதுச்சாவியைக் கொண்டு அதைச் சோதிக்கும். பொதுச்சாவியால் கையொப்பத்தைச் சோதிக்கலாமேயன்றி இட முடியாது. வழியில் எவரேனும் 'ஆயிரம்' என்பதைப் 'பத்தாயிரம்' என்று திருத்தினால் கணக்குப் பொருந்தாது, கையொப்பம் தவறிவிடும். நாம் காகிதத்தில் இடும் கையெழுத்து எல்லாக் கடிதங்களிலும் ஒன்றே. இதுவோ ஒவ்வொரு கடிதத்தின் ஒவ்வோர் எழுத்தோடும் பிணைந்து, கடிதத்துக்குக் கடிதம் மாறுவது.

ஆயினும் ஓர் ஓட்டை எஞ்சியது. வஞ்சகன் தனக்கென்று ஒரு களப்பெயர் வாங்கி, அதன் பெயரால் ஒழுங்காகக் கையொப்பமும் இட்டு, நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் வரியில் மட்டும் வங்கியின் முகவரியை எழுதலாம். இதை அடைப்பதற்காக 2012-இல் அறிவிக்கப்பட்டதே டிமார்க். சோதனையில் தேறிய களப்பெயரும் கண்ணுக்குத் தெரியும் களப்பெயரும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஒவ்வாத அஞ்சலை என்ன செய்வது என்பதையும் உடையவரே பதிவேட்டில் சொல்லிவிடலாம்: சும்மா விடுக, குப்பைப் பெட்டியில் ஒதுக்குக, அல்லது வாயிலிலேயே மறுத்துவிடுக.

இந்த மூன்றும் நம் கண்ணுக்குப் புலனாகாத காவல்கள். இவற்றின்மேல் எழுந்ததுதான் சின்னம் காட்டும் முறை. அதற்குப் பிமி என்று பெயர். ஜிமெயில் 2021-ஆம் ஆண்டு ஜூலை முதல் இதைப் பரவலாக ஏற்றது; ஆப்பிள் நிறுவனத்தின் அஞ்சற் பெட்டியில் 2022-இல் வந்தது. நிறுவனம் தன் சின்னத்தின் படம் இருக்கும் இடத்தைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைக்கவேண்டும். டிமார்க் விதியைச் 'சும்மா விடுக' என்ற நிலையில் வைத்திருப்போருக்கு இந்தச் சலுகை இல்லை. 'ஒதுக்குக' அல்லது 'மறுக்க' என்று துணிந்து எழுதியவருக்கே உண்டு. படமும் எஸ்.வி.ஜி. என்னும் கோட்டுப்பட வகையில், அசைவோ மறைவான கட்டளையோ வெளித் தொடர்போ இல்லாத எளிய வடிவில் இருத்தல் வேண்டும். படத்துக்குள் பகைவனைப் புகுத்தும் வித்தைகளும் உண்டாகையால் இக்கட்டுப்பாடு.

இனி, படம் அந்நிறுவனத்துக்கே உரியதா? இதற்குப் பதிவேடு மட்டும் போதாது. சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்று, விண்ணப்பித்தவர் சட்டப்படி இயங்குபவரா, களப்பெயர் அவருடையதா, சின்னம் அரசின் வணிகச் சின்னப் பதிவகத்தில் பதிவாகியுள்ளதா என்று ஆராய்ந்து சான்று தரும். இந்தப் பதிவகங்கள் பழமையானவை. இங்கிலாந்தில் 1875-இல் சட்டம் இயற்றி, 1876 ஜனவரி முதல் நாளன்று பதிவு தொடங்கினர். முதல் எண் பெற்றது, பாஸ் என்னும் மது வடிப்பாலையின் சிவப்பு முக்கோணம். அந்த எண்ணுக்காக அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் முன்னிரவே பதிவகத்தின் வாசலில் காத்திருந்தார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். புட்டியின் மேல் போலி முத்திரை ஒட்டுவதைத் தடுக்கப் பிறந்த சட்டம், இன்று அஞ்சலின் மேல் போலி முத்திரை ஒட்டுவதைத் தடுக்கவும் பயன்படுகிறது! பதிவு பெறாத சின்னத்துக்கும், ஓராண்டுக்குமேல் வழக்கில் இருந்தால், வேறு வகைச் சான்று உண்டு. ஜிமெயில் அதை 2024-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்வகைச் சின்னத்துக்கு நீலச் சரிக்குறி இல்லை.

அந்தச் சரிக்குறி வந்த கதை படிப்பினை மிக்கது. 2023 மே மாதத்தில் ஜிமெயில் அதை அறிமுகப்படுத்தியது. ஒரு மாதத்துக்குள், யு.பி.எஸ். என்னும் அமெரிக்கச் சரக்கஞ்சல் நிறுவனத்தின் பெயரில் ஒரு மோசடி அஞ்சல், சின்னத்தோடும் சரிக்குறியோடும் ஒரு பாதுகாப்புப் பொறியாளரின் பெட்டியில் வந்து நின்றது. அவர் முறையிட்டபோது, இது பிழையன்று என்று கூகுள் முதலில் தள்ளிவிட்டது. பின்னர், தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. சின்னம் காட்டுவதற்கு எஸ்.பி.எஃப். ஒன்றில் தேறினாலும் போதும் என்று விட்டிருந்ததே வினையாயிற்று. டிகிம் கையொப்பம் இன்றிச் சின்னம் இல்லை என்று ஜூன் மாதத்தில் விதியை இறுக்கினார்கள். பல்லாண்டு வணிகத்தில் ஈட்டிய நம்பிக்கையைச் சின்னம் மோசக்காரனுக்கு ஒரு நொடியில் இரவல் கொடுத்துவிடும். ஆகையால், அடியில் உள்ள சோதனை தளர்ந்தால், சின்னம் இல்லாதிருப்பதைவிட இருப்பதே கேடு.

சோதனை முழுதும் சரியாக நடந்தாலும், சின்னம் சொல்வது அனுப்பியவர் இன்னார் என்பதை மட்டுமே. அவர் எழுதியது மெய் என்பதை அன்று. தவிர, வட்டத்தில் காணும் படமெல்லாம் பிமி அன்று. தனி மனிதர் தம் கணக்கில் வைத்துக்கொண்ட படமும் அதே வட்டத்தில்தான் தோன்றும். அங்கே எவர் எந்தப் படத்தையும் வைக்கலாம். அஞ்சலின் உள்ளே அச்சிட்டாற்போல் இருக்கும் வங்கிச் சின்னத்துக்கோ எந்த மதிப்பும் இல்லை. மறுபுறம், சின்னம் இல்லாத அஞ்சலெல்லாம் பொய்யும் அல்ல. சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பொருட்செலவு உண்டு. எல்லா அஞ்சற் பெட்டிகளும் சின்னம் காட்டுவதும் இல்லை. நேர்மையான கல்லூரி பலவற்றின் அஞ்சல் வெறும் முதலெழுத்தோடுதான் வரும்.

ஐயம் தோன்றினால், கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அஞ்சலின் மூலத்தைக் காட்டு என்னும் கட்டளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூன்று காவல்களின் பெயரும், ஒவ்வொன்றிலும் அஞ்சல் தேறியதா தவறியதா என்பதும் அங்கே எழுதியிருக்கும். களப்பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓரெழுத்தை மாற்றிய போலிக் களப்பெயரும் தன்னளவில் மூன்று சோதனையிலும் தேறிவிடும்.

உங்களுள் எவரேனும் நாளை ஒரு கல்லூரியின் அஞ்சலை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்கலாம். அப்போது டிமார்க் விதியை முதலில் 'சும்மா விடுக' என்றே வைத்து, நாள்தோறும் வரும் அறிக்கைகளைச் சில வாரம் படித்துப் பாருங்கள். தேர்வுத் துறை, நூலகம், விடுதி என்று எங்கெங்கோ இருந்து கல்லூரியின் பெயரால் அஞ்சல் போவது அப்போதுதான் தெரியவரும். அவற்றையெல்லாம் ஒழுங்குசெய்த பின்னரே விதியை இறுக்கவேண்டும். இல்லையேல், உங்கள் தேர்வு அறிவிப்பே குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். சின்னத்தின் படத்தை வரையச் சொல்வது அதற்கும் பிறகு.